நாடகத்தைப் படித்தலும் நாடகத்தைக் காண்டலும்

முத்தையாபுரத்தில் சென்ற விடுமுறையின்போது தமிழ் இலக்கிய மாணவர் ஒருவர், தாம் கல்லூரிக்கென எழுதிய திறனாய்வுக் கட்டுரையை நம்மிடம் காட்டினார். பொருள், மனோன்மணீயத்தில் குடிலனின் பாத்திரப் படைப்பு. கதைப் பின்னல், முரண், உச்சநிலை, ஷேக்ஸ்பியரின் இயாகோவோடு ஒப்பீடு ஆகிய யாவும் முறைப்படி அமைந்திருந்தன. ஆயினும் பதினொரு பக்கங்களில் ஓரிடத்திலேனும் குடிலன் வாய்திறந்து பேசுவது நம் செவியில் விழவில்லை.

இதனை மாணவர் குற்றமென்று கூறுவதற்கில்லை. பேராசிரியர் சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட அந்நூல், லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதைச் செய்யுள் ஒன்றைத் தழுவி ஆசிரியப்பாவில் இயன்றது. மேடையைக் காட்டிலும் படிப்பறைக்கே உரியது. படிக்கும் நாடகத்தைப் படித்து ஆராய்வதில் தவறில்லை. அந்த ஓர் அளவுகோலையே எல்லா நாடகத்திற்கும் நீட்டுவதுதான் தவறு.

“தம்பி, நீ எந்த நாடகமாவது நேரில் பார்த்ததுண்டா?” என்று வினவினோம்.

“கோயில் கொடையில் வள்ளி திருமணம் பார்த்திருக்கிறேன், ஐயா. ஆனால் அது கட்டுரைக்கு ஆகாதே” என்றார்.

இவ்விடை நம்மை வருத்தியது. வள்ளி திருமணத்தை அந்த மேடைக்கு வகுத்துத் தந்த சங்கரதாஸ் சுவாமிகள் வேற்றூரார் அல்லர். 1867இல் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையில் கணக்கராய் இருந்து, 24ஆம் வயதில் அதை விட்டு நாடகம் புகுந்தவர். ஏறத்தாழ மனோன்மணீயம் அச்சேறிய காலமே அது! 1918இல் மதுரையில் சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கி, 1922இல் மறைந்தார். உப்பளங்களைக் கடந்து கல்லூரி செல்லும் மாணவருக்கு அந்தக் கணக்கரைப் பற்றி எவரும் சொல்லவில்லை.

வள்ளி திருமணம் எவ்வாறு நடிக்கப்படுகிறது என்பதை நோக்குக. ‘ஸ்பெஷல் நாடகம்’ எனப்படும் இம்முறையில் நடிகர்கள் தனித்தனியே அமர்த்தப்படுகின்றனர். நாரதர் ஓரூரிலிருந்தும் வள்ளி வேறோரூரிலிருந்தும் வந்து சேர்வர். ஒத்திகை இல்லை, இயக்குநரும் இல்லை. இருவருக்கும் பொதுவாய் இருப்பது சுவாமிகளின் பாட்டும் கதையமைப்புமே. அவற்றின்மீது நின்று இருவரும் விடிய விடியத் தர்க்கம் செய்கின்றனர். எனவே இப்பனுவலை, முன்பின் பழகாத நடிகரைத் தாங்கவல்லதா என்றே முதலில் சோதித்தல் வேண்டும். ஆசிரியர் சொல் எங்கே முடிகிறது, நடிகர் சொல் எங்கே தொடங்குகிறது? நாரதரின் வினாவை வள்ளி மடக்கும்போது அவையோர் யார் பக்கம்? இத்தகைய வினாக்களுக்கு அச்சுநூல் மட்டும் விடைதராது.

குறைகளும் உண்டு. பாட்டுக்காகக் கதை நெடுநேரம் காத்திருக்கிறது. தர்க்கம் சிலபோது சிலேடையில் வழுக்கி இழிந்துவிடுகிறது. இவற்றையும் எழுதத்தான் வேண்டும். குறைகூறும் அளவிற்கேனும் மதிக்கப்படாத கலைக்கு விமரிசனம் ஏது?

தமிழில் நாடக ஆராய்ச்சி இல்லாமற் போகவில்லை. பரிதிமாற் கலைஞரின் நாடகவியல் 1897இலும், விபுலானந்தரின் மதங்கசூளாமணி 1926இலும் வெளிவந்தன. எனினும் நாம் மாணவருக்கு எடுத்துக்காட்டியது பேராதனையை. அங்கே 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், மாணவர்களையே ஆடவைத்துக் கர்ணன் போர், இராவணேசன் முதலிய கூத்துகளை மேடையேற்றினார். கடலுக்கு அப்பால் நம் முத்துக்குளித்துறைக்கு எதிரேயுள்ள மன்னார்ப் பகுதியின் கத்தோலிக்க நாடக ஏடுகளையும் பதிப்பித்தார். ஆடிப் பார்த்தவன் எழுதும் கட்டுரையும் ஆடாதவன் எழுதும் கட்டுரையும் ஒன்றாகா.

நம் சபைகளின் நிலையையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். கிறிஸ்து பிறப்பு நாடகம் முடிந்ததும் “பிள்ளைகள் நன்றாய்ச் செய்தார்கள்” என்று கூறி ஆயர் ஜெபித்து முடிக்கிறார். ஏரோதுவுக்கு ஏன் ஆண்டுதோறும் அதே மீசை என்று ஒருவரும் கேட்பதில்லை.

குடிலன் கட்டுரையை மாணவர் திருத்தாமலே சமர்ப்பித்துவிட்டார். தவணை நாள் நெருங்கிவிட்டதாம். வள்ளியைக் குறித்து நான்கு பக்கம் தனியே எழுதி நமக்கு அனுப்பியிருக்கிறார். முதற் பக்கம் முழுவதும் ஆர்மோனியக்காரரைப் பற்றியது. நாரதர் மூன்றாம் பக்கத்தில்தான் மேடைக்கு வருகிறார்.