அட்டையைக் கழற்றும் கருவி: லீச்பிளாக் பற்றி ஒரு மதிப்பீடு



கற்றல் கருவிகளைப் பற்றி எழுதும்போது நாம் பெரும்பாலும் நல்லதை மட்டும் அடுக்கிவிட்டுப் போய்விடுகிறோம். இந்த முறை, நானே பரிந்துரைத்த ஒரு கருவியால் என் மாணவி ஒருத்திக்கு நேர்ந்த நட்டத்திலிருந்து தொடங்குகிறேன்.

கருவியின் பெயர் லீச்பிளாக். உலாவியில் சேர்த்துக்கொள்ளும் இலவச நீட்சி. பயர்பாக்ஸ், குரோம், எட்ஜ் மூன்றிலும் இயங்கும். ‘லீச்’ என்றால் அட்டை. (புத்தக அட்டை இல்லை, இரத்தம் உறிஞ்சும் அட்டை. பலபொருள் ஒருசொல் பாடத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு கிடைத்தது.) நம் நேரத்தை உறிஞ்சும் தளங்களின் முகவரிகளை வரிக்கு ஒன்றாக எழுதிக்கொடுத்தால், நாம் குறித்த நேரத்தில் அவற்றைத் திறக்க விடாது.

அந்த மாணவி உயர்நிலை நான்கு. யூடியூபில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை என்று அவளே வந்து சொன்னாள். கட்டுரை திருத்தும் நாள்களில் நான் வைத்துக்கொள்ளும் அதே அமைப்பை அவளுக்கும் வைத்துக்கொடுத்தேன்: 1600-2200, அதாவது மாலை நான்கு முதல் இரவு பத்து வரை யூடியூப் முழு அடைப்பு. பத்து நாள் கழித்து வாய்மொழிப் பயிற்சி. காணொளியைப் பார்த்து உரையாடும் பகுதியில் பிள்ளை தடுமாறிப் போனாள். நான் அனுப்பிய ஆறு காணொளிகளில் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. “ஏன்மா?” என்று கேட்டேன். “டீச்சர், நீங்கதானே மூடச் சொன்னீங்க? திறந்தா ஏமாத்துற மாதிரி இருந்துச்சு.”

தவறு என்னுடையது. கட்டுரை திருத்துகிற எனக்கு அந்த நேரத்தில் யூடியூப் வேண்டாம். அவளுக்கு வேண்டும். ஆங்கிலத்துக்கோ கணக்குக்கோ அந்தத் தளத்தை மூடினால் பெரிய இழப்பு இல்லை; வீட்டிலும் பள்ளியிலும் எம்ஆர்டியிலும் ஆங்கிலம் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. வீட்டில் தமிழ் அதிகம் பேசாத பிள்ளைக்கு, பள்ளி முடிந்தபின் தமிழ் காதில் விழும் இடமே அந்தத் தளமாக இருக்கலாம். பொழுதைத் தின்னும் இடமும் தமிழ் கேட்கும் இடமும் ஒன்றாக இருக்கும்போது, முழு அடைப்பு இரண்டையும் சேர்த்தே மூடிவிடுகிறது. ‘கவனச்சிதறல் தளங்கள்’ என்று ஆயத்தப் பட்டியல்கள் கொடுக்கிறார்களே, அவற்றை அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

சொல்லை வைத்துத் தடுக்கும் வசதியும் இந்தக் கருவியில் உண்டு. ‘சினிமா’, ‘திரை’ என்று கொடுத்துவிட்டால் போதாதா என்று ஓர் ஆசிரியர் கேட்டார். நம் இலக்கணம் அங்கே குறுக்கே நிற்கிறது. எழுத்துத் தொடரை மட்டும் தேடும் வடிகட்டிக்கு ‘திரை’ என்று கொடுத்தால், குதிரையும் மாட்டிக்கொள்ளும். மாத்திரை, முத்திரை, யாத்திரை, சித்திரைப் புத்தாண்டுக் கட்டுரை எல்லாமே மாட்டிக்கொள்ளும். சரி, முழுச்சொல்லாக மட்டும் தேடச் சொல்வோம் என்றால் அடுத்த தொல்லை. ‘படம்’ என்று கொடுத்தால் படத்தை, படத்தில், படங்கள் மூன்றும் தப்பிவிடும். ‘விளையாட்டு’ வேற்றுமை உருபு ஏற்று ‘விளையாட்டில்’ ஆனதும் குற்றியலுகரம் ஓடிவிடுகிறது; வடிகட்டியின் பிடியிலிருந்து சொல்லும் ஓடிவிடுகிறது. புணர்ச்சி எதற்குப் படிக்கிறோம் என்று கேட்கும் வகுப்பில் இதைச் சொல்லிப் பாருங்கள். கருவியைப் பொறுத்தவரை என் முடிவு: தமிழ்ப் பக்கங்களுக்குச் சொல் வடிகட்டி வேண்டாம், முகவரியை வைத்தே தடுங்கள்.

முகவரியிலும் நுணுக்கம் உண்டு. ஒரு வரியின் தொடக்கத்தில் கூட்டல் குறி போட்டால் அது விதிவிலக்கு. தளத்தை மூடிவிட்டு, ஆசிரியர் தந்த பக்கத்தை மட்டும் கூட்டல் குறியோடு திறந்து வைக்கலாம். ஆனால் அந்தக் காணொளியின் பக்கத்திலேயே வேறு பத்துப் படங்கள் கண்ணடித்துக்கொண்டு நிற்கும். மாணவர் கற்றல் தளத்தில் காணொளியைப் பதித்துக் கொடுப்பது இதைவிட நல்லது. என் கணினியில் யூடியூப் மூடியிருந்தபோதும் அப்படிப் பதித்த காணொளி தடையில்லாமல் ஓடியது. ஆக, இந்த வேலையில் பாதி மாணவருடையது அல்ல, நம்முடையது.

லீச்பிளாக்கில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் தாமதப் பக்கம்தான். தளத்தைத் திறந்தால் மறுப்பு வராது. எண்கள் இறங்கிக்கொண்டே வரும், அது முடியும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் கை தானாகப் போனதா, தேவைக்குப் போனதா என்பது தெரிந்துவிடுகிறது. பலமுறை நான் பாதியிலேயே மூடியிருக்கிறேன். பயிற்சிக்காகத் திறக்கிற பிள்ளைக்கோ ஒரு நிமிடம் காத்திருப்பது பெரிய விஷயமில்லை. மணிக்குப் பத்து நிமிடம் என்று அளவு வைக்கவும் வழியுண்டு. பாதியில் மனம் மாறி அமைப்பை மாற்றப் போகிறவர்களுக்காக, பொருளில்லாத நீண்ட எழுத்துக் குவியல் ஒன்றைத் தட்டச்சு செய்தால்தான் வழிவிடும்படியும் செய்துகொள்ளலாம். அலுத்துப்போய்ப் படிக்கவே திரும்பிவிடுவோம்!

குறைகளுக்கு வருவோம். உலாவிக்கு வெளியே இது ஒன்றும் செய்யாது. கைப்பேசியில் இருக்கும் செயலி இதன் கணக்கில் இல்லை. வேறொரு உலாவியைத் திறந்தாலும், அனுமதி தராத மறைநிலைச் சாளரத்தைத் திறந்தாலும் தப்பிவிடலாம். மாணவர்களுக்கு இது தெரியாது என்று நினைக்கிறீர்களா?

அதனால் பள்ளிச் சாதனத்தில் இருக்கும் கட்டுப்பாடே போதும் என்பார்கள் சிலர். நம் மாணவர்களின் கற்றல் சாதனங்களில் மேலாண்மை மென்பொருள் இருக்கிறது. பள்ளி நேரத்துக்குப் பிறகு எவ்வளவு கட்டுப்பாடு என்பதைப் பெற்றோர் தேர்ந்தெடுக்கலாம். சிறிய வகுப்புகளுக்கு அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் 2024 ஆகஸ்டில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அத்தகைய மென்பொருள் ஒன்றுக்குள் யாரோ ஊடுருவியதில், 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த ஏறக்குறைய 13,000 மாணவர்களின் சாதனங்களிலிருந்து தரவுகள் தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டன. குறிப்பெடுத்து வைத்திருந்த பிள்ளைகள் என்ன பாடுபட்டிருப்பார்கள்! பிறர் கையில் இருக்கும் சாவி தொலைந்தால் நாம் வெறுங்கையோடு நிற்க வேண்டியதுதான். லீச்பிளாக்கில் பூட்டும் சாவியும் படிக்கிறவர் கையிலேயே இருக்கின்றன. தப்பிக்கும் வழி அத்தனை இருந்தும் நான் இதற்கே வாக்களிக்கிறேன்.

அந்த மாணவியின் கதை மீதி இருக்கிறது. முழு அடைப்பை எடுத்துவிட்டுத் தாமதப் பக்கத்தை வைத்துக்கொண்டாள். ஆறு காணொளிகளையும் நான் வேறிடத்தில் பதித்துக் கொடுத்தேன். அடுத்த பயிற்சியில் நான்கைப் பார்த்துவிட்டு வந்தாள். மற்ற இரண்டும்? “அது ரொம்ப போர், டீச்சர்.” பார்த்தேன், உண்மைதான். மாற்றிக்கொண்டிருக்கிறேன். உங்களிடம் நல்ல காணொளிகள் இருந்தால் அனுப்பிவையுங்கள்.