பெயரில்லாத பதினொருவர்

நம்மவர் பிரயாணம் என்று வீட்டை விட்டுப் புறப்பட்டால் அது பெரும்பாலும் ஒரு கோயில் வாசலிலேயே முடிவடைகின்றது. தைப்பூசமானால் பத்துமலை, இன்னுஞ் சற்றுத் தூரம் போக மனமும் கைப்பணமும் இருந்தால் பினாங்குத் தண்ணீர்மலை. போனவர் திரும்பி வந்து சொல்லுங் கதையும் ஒன்றே: கூட்டம் பெரிது, வெயில் கடுமை, தரிசனம் திவ்வியம். இத்தகைய பிரயாணங்களிலிருந்து பயனுள்ள பிரயாண இலக்கியம் தோன்றுவது எங்ஙனம்? கண்ணை மூடிக் கும்பிட்டவன் எதைக் கண்டு எழுதப் போகின்றான்?

அமெரிக்க நாட்டில் வேறொரு வழக்கம் உண்டு. கோடை விடுமுறையில் நண்பர் சிலர் ஒரு காரில் ஏறி, ஊர் ஊராய்ச் சென்று, பேஸ்பால் என்னும் தங்கள் நாட்டுப் பந்தாட்டக் களங்களையும் வழியிலுள்ள பொருட்காட்சிச்சாலைகளையும் பார்த்து வருவர். நியூயார்க் மாகாணத்துக் கூப்பர்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் அவ்வாட்டத்திற்கென்றே ஒரு காட்சிச்சாலை 1939-ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகின்றது. இதனைப் படித்த நண்பரொருவர், “நாமும் அவ்வாறு போய் வந்தாலென்ன?” என்றார். நால்வர் ஒரு காரில் கேரி தீவிலிருந்து லங்காட் ஆற்றைக் கடந்து புறப்பட்டோம். மூன்று நாளில் கோலாலம்பூர், ஈப்போ, தைப்பிங், மெர்போக் ஆகிய ஊர்களுக்குப் போய் மீண்டோம். பார்த்தவை காட்சிச்சாலைகளும் ஆட்டக்களங்களுமே.

இக்கட்டுரை அப்பிரயாணத்தின் கதையன்று. காட்சிச்சாலையும் ஒரு நூல். ஆட்டக்களமும் ஒரு நூல். ஒரு சமூகம் தன்னைப்பற்றித் தானே எழுதிக்கொண்ட நூல்களாக அவற்றைப் படித்து, நூலுக்குரிய குணங்குற்றங்களை அவற்றினிடத்தும் ஆராய்வது தவறாகாது.

ஆராய்வதற்கு அளவுகோல் ஒன்று வேண்டுமன்றோ? தமிழில் பிரயாண இலக்கியத்திற்கு வழி வகுத்தவர் ஏ. கே. செட்டியார் (1911–1983). ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்னும் நூலின் ஆசிரியர். காந்தியடிகளைப்பற்றிய படச்சுருள்களை உலகெங்கும் அலைந்து தேடித் திரட்டி 1940-இல் ஒரு படமாக வெளியிட்டவர். ‘குமரி மலர்’ என்னும் இதழை நெடுங்காலம் நடத்தியவர். அவர் எழுத்தில் தம் பெருமை பேசுவதில்லை. கண்டதைச் சுருங்கச் சொல்லி நகர்வார். கண்டதைக் கண்டபடி எழுதுதல், சிறியதென்று எதனையுந் தள்ளாதிருத்தல், காலத்தால் அழியக்கூடியதைத் தேடிக் காத்தல் ஆகிய இம்மூன்றுமே அவரிடமிருந்து நாம் பெறும் அளவுகோல். இவ்வளவுகோலைக் கொண்டே நாங்கள் பார்த்தவற்றை அளக்கின்றேன்.

முதலில் ஆட்டக்களம். கோலாலம்பூர் மெர்டேக்கா விளையாட்டரங்கில் 1957-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் நாட்டின் சுதந்திரப் பிரகடனம் வாசிக்கப்பட்டது. 1975-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் உலகக் கிண்ண ஹாக்கியின் இறுதி ஆட்டம் அங்கேதான் நடைபெற்றது; இந்தியா 2–1 என்ற கணக்கில் பாகிஸ்தானை வென்றது. அப்போட்டியில் மலேசியா நான்காம் இடம் பெற்றது. அதே ஆண்டு ஜூலை முதல் நாள் முகம்மது அலியும் ஜோ பக்னரும் அங்கே குத்துச்சண்டை செய்தனர். 1980-இல் தென்கொரியாவை வென்று நம் நாட்டுக் கால்பந்துக் குழு மாஸ்கோ ஒலிம்பிக் போட்டிக்குத் தகுதி பெற்றதும், பின்னர் நாடு அப்போட்டியைப் புறக்கணித்ததால் போகாமல் நின்றதும் நம்மவர் அறிந்ததே. அக்காலத்தில் கோல் காத்த ஆறுமுகம் 1988-இல் கார் விபத்தில் மாண்டார். அவருடைய நீண்ட கைகளைக் கண்டு ‘ஸ்பைடர்மேன்’ என்று பட்டம் சூட்டினர் மக்கள்.

ஆட்டக்களத்தின் குணம் இதுவே: அங்கே பெயருண்டு. பந்தைப் பிடித்தவன் தமிழனா, சீனனா, மலாய்க்காரனா என்று பார்த்து எவரும் கைகொட்டுவதில்லை. பிடித்தானா, விட்டானா என்பதே வழக்கு. சாதி கேட்காமல் பெயரை மட்டுங் கேட்கும் இடம் நம் வாழ்வில் இதைவிட வேறெங்குளது? அதன் குற்றமோ, பெயர் காற்றில் போவது. ஆட்டம் முடிந்து விளக்கணைந்தால் புற்றரை மட்டுமே எஞ்சும்.

நிற்க. பொருட்காட்சிச்சாலையின் இயல்பு இதற்கு நேர் மாறானது. தைப்பிங்கிலுள்ள பேராக் காட்சிச்சாலை 1883-இல் தோன்றியது. இந்நாட்டில் மிகப் பழையது அதுவே. கோலாலம்பூரில் முன்னிருந்த சிலாங்கூர்க் காட்சிச்சாலை 1945-இல் நேச நாட்டார் விமானக் குண்டுக்கு இரையாயிற்று; அவ்விடத்தில் எழுந்த தேசியக் காட்சிச்சாலை 1963-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் திறக்கப்பட்டது. குண்டு விழுந்த இடத்திலேயே மீண்டும் பழம்பொருளைத் தேடி அடுக்கிய செயல் பாராட்டத்தக்கது.

ஆயினும், எந்த நாட்டுக் காட்சிச்சாலைக்கும் பொதுவான குற்றம் ஒன்றுண்டு: அங்கே பொருளுண்டு, ஆளில்லை. அரசனுடைய வாளுக்கு அரசன் பெயர் எழுதப்படும்; உளிக்கத்திக்கு ‘பால்வெட்டுங் கத்தி’ என்று மட்டும் எழுதப்படும். வெட்டியவள் எந்த லயத்தில் குடியிருந்தாள், விடியுமுன் எத்தனை மரம் வெட்டி முடித்தாள் என்பதைக் கத்தி சொல்லாது. நாம் எழுதி வைத்தாலன்றிக் கண்ணாடிப் பெட்டியும் சொல்லாது. இக்குற்றத்தை ஒரு சாலையின்மேல் ஏற்றுவது நியாயமன்று. கொடுப்பவர் கொடுத்தாலன்றோ வைப்பவர் வைப்பர்? நம் பாட்டிமாரின் கத்தியையும் பால்வாளியையும் பழைய இரும்புக்காரனுக்கு நிறுத்துக் கொடுத்தவர் நாமே.

மூன்றாம் நாள் குனோங் ஜெராய் மலையடியில் மெர்போக்குக் காட்சிச்சாலையைக் கண்டோம். பூஜாங் பள்ளத்தாக்கில் அகழ்ந்தெடுத்த கல்லும் மணியும் அங்கே உள்ளன. இராசேந்திர சோழன் 1025-ஆம் ஆண்டு வாக்கில் படையனுப்பிய கடாரம் இந்நிலமே என்பர். நம்மவர் மேடையேறினால் ‘கடாரங் கொண்டான்’ என்று முழங்காமல் இறங்குவதில்லை. ஆயிரமாண்டுக்கு முன் ஓர் அரசன் அனுப்பிய கப்பலைப்பற்றி இவ்வளவு பேசும் நாம், நம் பாட்டன் ஏறி வந்த கப்பலைப்பற்றி என்ன அறிவோம்? 1926 முதல் 1973 வரை ‘ரஜுலா’ என்னுங் கப்பல் நம் மக்களை ஏற்றி இறக்கிற்று. நாங்கள் நால்வரும் ஒருவரையொருவர் கேட்டுப் பார்த்தோம். தன் பாட்டன் எந்த ஆண்டு, எந்தக் கப்பலில் வந்து இறங்கினான் என்று சொல்லக்கூடியவர் எங்களில் ஒருவருமில்லை. அரசன் பெருமை பேசுவது எளிது. அதற்குப் பழைய பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டிய தொல்லை இல்லை.

நம் சரித்திரத்தில் காட்சிக்கு வைக்கத்தக்க பொருள் யாது என்று எவரேனும் கேட்டால் நான் ஒரு சைக்கிளைச் சொல்வேன். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் வேலைநிறுத்தஞ் செய்தனர். கூலியுயர்வோடு அவர்கள் கேட்டவற்றுள் ஒன்று, துரையும் மற்ற உத்தியோகஸ்தரும் எதிர்ப்பட்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பது. கள்ளுக்கடையை மூட வேண்டுமென்பதும் அவர் கோரிக்கை. நாதன் நாடு கடத்தப்பட்டார்; பட்டாளம் வந்து சுட்டதில் தொழிலாளர் உயிரிழந்தனர். தன் சொந்தப் பணத்தில் வாங்கிய சைக்கிளில் இறங்காமல் போவதற்கு ஒரு மனிதன் உயிரைப் பணயம் வைத்த கதையைவிடப் பெரிய சுயமரியாதைப் பாடம் எந்தப் புராணத்திலுளது? அந்த ‘மற்ற உத்தியோகஸ்தர்’ என்ற சொல்லில் கிராணிமாரும் அடக்கம். நானும் ஒரு கிராணி. ஆகையால் இதனை எழுதும்போது என் பேனா சற்றே தயங்குகின்றது.

அத்தயக்கம் பயணத்தின் இரண்டாம் இரவே தொடங்கிவிட்டது. தைப்பிங்கில் நண்பரின் மாமா வீட்டில் தங்கினோம். சுவரில் ஒரு பழைய படம்: தோட்டக் கால்பந்துக் குழு. நடுவில் துரை, இருபுறமும் பெரிய கிராணியும் தோட்ட டிரெஸரும் நாற்காலியில். பின்னே பதினொருவர் நிற்கின்றனர். அடியில் நாற்காலிக்காரர் மூவரின் பெயரும் ஆங்கிலத்தில் அழகாகத் தட்டெழுத்தில் இருந்தன. நின்றவர்க்கு ‘லேபர் டீம், 1958’ என்பதே பெயர். பெரியவர் விரலை வைத்து ஒவ்வொருவராய்ச் சொல்லி வந்தார். ஒன்பது பெயர் வந்தது. கோல் காப்பவனிடம் விரல் நின்றது. “அவன் பாய்ஞ்சு பிடிச்ச பந்து கண்ணிலேயே நிக்குது, தம்பி. பேர்தான் வரமாட்டேங்குது,” என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை.

அந்த அடிக்குறிப்பைத் தட்டெழுதினவர் யார்? என்னைப்போன்ற ஒரு கிராணியே. செக்ரோலில் நாள்தோறும் அப்பதினொருவர் பெயரையும் எழுதிக் கூலி கணக்கிட்டவர். படத்திற்குக்கீழ் எழுத மட்டும் அப்பெயர்கள் அவருக்கு நினைவு வரவில்லை. கூலிக் கணக்கில் பெயருள்ளவனுக்குப் புகழ்க் கணக்கில் பெயரில்லை என்பதே நம் சரித்திரத்தின் சுருக்கம். தோட்டமும் இன்றில்லை, அவ்விடம் வீட்டுமனையாயிற்று.

இது நமக்கு மட்டும் நேர்ந்த தீங்கன்று. அமெரிக்கப் பேஸ்பாலில் கறுப்பினத்தாரைப் பெரிய குழுக்களில் சேர்க்காதிருந்தனர். அவர்கள் தங்களுக்கெனத் தனிக் குழுக்கள் அமைத்து ஆடினர். ஜோஷ் கிப்சன் என்னும் பேராட்டக்காரர் 1947 ஜனவரியில் இறந்தார். அவர் மாண்டு மூன்று திங்கள் நிறையுமுன் ஜாக்கி ராபின்சன் அத்தடையை உடைத்துக் களத்தில் இறங்கினார். கதை இங்கே முடிந்திருந்தால் வெறும் சோகமே. முடியவில்லை. 1990-இல் கான்சாஸ் நகரில், பழைய ஆட்டக்காரர்களும் முன்னின்று, கறுப்பினத்தார் ஆட்டத்திற்கென ஒரு காட்சிச்சாலை கண்டனர். ஆராய்ச்சியாளர் பழைய பத்திரிகைகளைப் புரட்டி, ஆட்டமாட்டமாய்க் கணக்கெடுத்தனர். அதன் பயனாக 2024-இல் அக்கணக்குகள் தலைமைச் சங்கத்தின் ஏட்டில் ஏறின; ஆயிரத்துக்கு 372 என்ற வீதத்தில், இறந்து எழுபத்தேழு ஆண்டு சென்ற கிப்சன் எல்லாரினும் முதல்வரானார். சங்கத்தார் இரக்கத்தால் மட்டும் இது நடந்ததன்று; எவரோ ஒரு பத்திரிகைக்காரர் அன்றே பெயரையும் கணக்கையும் அச்சிட்டு வைத்தமையால் நடந்தது.

நம் இலக்கியம் இதில் என்ன செய்திருக்கின்றது? அ. ரெங்கசாமி ‘லங்காட் நதிக்கரை’ என்னும் நாவலில் எங்கள் ஆற்றங்கரையின் ஜப்பானியர் கால வாழ்வைப் பதிந்து வைத்தார். எந்தக் கண்ணாடிப் பெட்டியும் செய்யாத காரியம் அது. 2016-இல் வந்த ‘ஓலா போலா’ என்னும் மலேசியத் திரைப்படம் 1980-ஆம் ஆண்டு வெற்றியைத் தழுவிக் கதை புனைந்து, கோல் காப்பவனுக்கு முத்து என்று பெயரிட்டது. இரண்டும் வரவேற்கத்தக்கவையே. எனினும் கற்பனை நினைவுக்குத் துணையாகுமேயன்றி நினைவுக்கு ஈடாகாது. முத்துவை நாடறியும், 1958-ஆம் ஆண்டுப் படத்தில் நின்றவனை அவன் பேரனும் அறியான்.

“சோற்றுக்கு அலைகின்றவனுக்குப் பெயர் எதற்கு? படம் எதற்கு?” என்று சிலர் நகைக்கக்கூடும். பிறப்புப் பத்திரமின்றி அடையாள அட்டைக்காக ஆண்டுக்கணக்கில் அலையும் நம் மக்களை அவர்கள் கேட்டுப் பார்க்கட்டும். எழுதப்படாத பெயரின் விலை என்னவென்று அவர்கள் சொல்வார்கள்.

கேரி தீவுக்கு அப்பெயர் வந்தது ஓர் ஆங்கிலத் தோட்ட முதலாளியால். சதுப்பு நிலத்தில் வரப்புக் கட்டி வடிகால் வெட்டியவர் பெயர் ஒரு வாய்க்காலுக்குங் கூட இல்லை. அதே தீவில் வாழும் மா மெரி பழங்குடியினரோ மரத்தில் முகமூடி செதுக்குகின்றனர். அவர்கள் செதுக்கும் மூதாதையர் முகங்களுக்குப் பெயருண்டு, கதையுண்டு. அரசாங்கம் கட்டிக் கொடுத்த மாளிகையால் வந்த பெருமையன்று அது. தாங்களே மறவாதிருந்ததனால் வந்தது.

தோழர்களே! பெரிய மண்டபம் வேண்டாம். பெரிய தலைவர் வந்து திறந்து வைக்கவும் வேண்டாம். உங்கள் வீட்டுச் சுவரிலுள்ள பழைய படத்தை இன்றே கழற்றுங்கள். முதியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, நிற்பவர் பெயரை இடமிருந்து வலமாகக் கேட்டுப் பின்புறத்தில் பென்சிலால் எழுதுங்கள். 1924-இல் தோன்றி 2019-இல் நின்றுபோன ‘தமிழ் நேசன்’ போன்ற பழைய பத்திரிகைக் கட்டுகள் எவர் வீட்டிலேனும் கிடந்தால் எரிக்க விடாதீர்கள்.

தைப்பிங்கிலிருந்து புறப்படும்போது நாங்களும் அவ்வாறே செய்தோம். ஒன்பது பெயரை எழுதி, இரண்டு இடத்தை வெறுமையாக விட்டு வந்திருக்கின்றோம். நிரப்பத்தக்கவர் எவரேனும் இன்னும் உயிரோடிருக்கலாம்.