சங்கிலியாரும் சூசன்னாளும்

சாத்தாங்காட்டு இரும்பு அங்காடிக்குச் செல்லும் பாரவண்டிகளின் இரைச்சலைக் கடந்து திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலுக்குள் நுழைவோமாயின், அங்கே ஒரு மகிழமரத்தைக் காண்போம். சங்கிலியாரைப் பிரியேன் என்று சுந்தரர் அதனடியில் ஆணையிட்டதாக மரபு. மாசிப் பெருவிழாவில் நிகழும் ‘மகிழடி சேவை’ அதனை நினைவுகூருகிறது. ஒரு பெண்ணுக்கு அளித்த வாக்கு ஆண்டுதோறும் திருவிழாவாவது எளிய செய்தியன்று.

12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரிய புராணத்தில் இதனைச் சொல்லும் திறம் வியக்கத்தக்கது. சங்கிலியார் பெற்றோர் பேசிய மணத்தை மறுக்கிறார். பெற்றோர் இணங்கி ஒற்றியூரில் கன்னிமாடம் அமைத்துத் தருகின்றனர். அவரை மணக்க விழையும் சுந்தரரோ சூழ்ச்சி செய்கிறார். திருமுன் ஆணையிட நேரும் என்றறிந்து, அவ்வேளை மகிழின்கீழ் சென்றிருக்குமாறு இறைவனையே வேண்டுகிறார். இறைவன் அதற்கு இசைந்துவிட்டு, சங்கிலியாரின் கனவில் தோன்றி, ஆணையை மகிழடியிலேயே பெறும்படி சொல்லிவிடுகிறார்! தம்பிரான் தோழர் என்ற பெயர் அங்கே சுந்தரருக்கு உதவவில்லை. வாக்கை மீறி அவர் ஒற்றியூர் எல்லையைக் கடந்ததும் இரு கண்களும் ஒளியிழக்கின்றன.

இதுவரை குறை சொல்வதற்கில்லை. ஆனால் இதன்பின் கதை, கண்ணிழந்தவருடனேயே நடந்துவிடுகிறது. காஞ்சியில் இடக்கண், ஆரூரில் வலக்கண், பரவையாரின் ஊடலைத் தீர்க்க இறைவனே தூது. கைவிடப்பட்டவர் ஒற்றியூரில் எப்படி இருந்தார் என்று காப்பியம் திரும்பிப் பார்ப்பதில்லை. முடிவில் அவரைக் கயிலையில் அநிந்திதையாகக் காட்டுவதோடு சரி. போற்றுதல் உண்டு, பார்வை அவருடையதன்று.

இவ்வேறுபாடு ஓவியத்தில் இன்னும் தெளிவாகப் புலப்படும். சூசன்னாளின் கதை நம் திருமறையில் சேராத தள்ளுபடி ஆகமம். எனினும் போதகர் அறிய வேண்டிய கதை. குளிக்கச் சென்ற பெண்ணை மூப்பர் இருவர் அச்சுறுத்தி, இணங்காததால் பொய்க்குற்றம் சாட்டுகின்றனர். தானியேல் அவளை மீட்கிறான். 1555-ஐ ஒட்டி இத்தாலியரான தின்தொரெத்தோ தீட்டிய படத்தில் அவள் கண்ணாடியில் தன்னழகைக் கண்டு மகிழ்கிறாள்; வேலிக்குப் பின்னிருந்து மூப்பர் எட்டிப்பார்க்கின்றனர். படத்தைக் காணும் நாமும் அறியாமலே அவர்கள் பக்கம் சேர்ந்துவிடுகிறோம். 1610-இல், 17 வயதளவில், அர்த்தெமீசியா ஜென்டிலெஸ்கி என்ற பெண் அதே கதையைத் தீட்டினார். அங்கே வேலியும் பூஞ்சோலையும் இல்லை. கற்சுவர்மேல் கவிழ்ந்து இருவர் முணுமுணுக்க, சூசன்னாள் முகந்திருப்பிக் கைகளால் தடுக்கிறாள். அந்தக் கைகளைக் கண்டபின் முந்தைய படத்தை முன்போல் ரசிப்பது கடினம்.

நம் பிரசங்க மேடைகளின் நிலை என்ன? யெப்தாவின் பொருத்தனையைக் குறித்துப் பேசும்போது, தகப்பனின் உறுதியிலேயே நின்றுவிடுகிறோம். எபிரெயர் 11-உம் அவன் பெயரையே வரிசையில் வைக்கிறது என்பது உண்மையே. ஆயினும் நியாயாதிபதிகள் 11-இல் பெயரற்ற அம்மகள் தானே வாய்திறந்து இரண்டு மாதம் தவணை கேட்கிறாள். தோழிகளுடன் மலைகளுக்குச் செல்கிறாள். இஸ்ரவேலின் பெண்கள் ஆண்டுக்கு நான்கு நாள் அவளுக்காகக் கூடினர் என்று 40-ஆம் வசனம் சொல்கிறது. அந்நான்கு நாளில் அவர்கள் அக்கதையை எவ்வாறு சொல்லியிருப்பர்? யெப்தாவிலிருந்து தொடங்கியிருக்கமாட்டார்கள் என்றே நாம் எண்ணுகிறோம்.