திருடனும் தீட்டும்

'சாக்ரிலிஜ்' என்ற ஆங்கிலச் சொல்லைப் 'புனிதத்தைத் தீட்டுப்படுத்துதல்' என்று தமிழில் எழுதுவது நமக்கு வெகு சுலபமாக வந்துவிடுகிறது. இந்தச் சுலபத்தைத்தான் நான் சந்தேகிக்கிறேன்.

இலத்தீனில் 'சாக்கெர்' என்றால் தெய்வத்துக்கு உரியது. 'லெகெரே' என்றால் பொறுக்குதல், எடுத்துக்கொள்ளுதல். கோயில் பொருளைத் திருடுகிறவன்தான் 'சாக்ரிலெகுஸ்'. குற்றம் கையின் செயலில் இருக்கிறது. நம் ஊரில் 'சிவன் சொத்து குல நாசம்'னு சொல்றதும் இந்தப் பொருளில்தான்.

தீட்டு அப்படியல்ல. அது 'தீண்டு' என்ற வினையின் உறவுச் சொல். வள்ளுவரிடத்தில் குழந்தைகளைத் தீண்டுவது பெற்றோர்க்கு இன்பம். சாதியின் சொல்லாடலுக்குள் நுழைந்ததும் அதே தீண்டல் குற்றமாகிவிடுகிறது. தீட்டுக்குச் செயல் எதுவும் வேண்டாம், உடல் போதும். எதையும் எடுக்க வேண்டாம், வந்து நின்றாலே போதும்.

இது வெறும் அகராதிச் சண்டை இல்லீங்க. 1897இல் கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1908இல் அங்கேயும் அவர்களுக்கு நுழைய உரிமையில்லை என்றே தீர்ப்பு. தீட்டுக் கழிக்கும் செலவும் அவர்கள் தலையில்தான் விழுந்தது. எதையும் எடுக்காதவர்களிடம் திருடனிடம் கேட்பதுபோல நஷ்டஈடு கேட்டது நவீன நீதிமன்றம்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு வருவோம். வீரசோழபுரம் சிவன் கோயிலிலிருந்து பல பத்தாண்டுகளுக்கு முன் களவுபோன சிலைகள் அமெரிக்காவில் இருப்பதாக 2022இல் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு சொன்னது. அதே மாவட்டத்தில், கல்வராயன் மலைக்குக் கீழே எடுத்தவாய்நத்தத்தில், வரதராசப் பெருமாள் கோயிலுக்குள் தலித் மக்கள் கால் வைத்தது 2023 ஜனவரி 2, வைகுண்ட ஏகாதசியன்று. அதுவும் போலீஸ் காவலோடு. ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947இல். சட்டம் கோயில் வாசலைத் தாண்ட 75 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

சாமியையே தூக்கிக்கொண்டு போனவனைத் 'திருடன்' என்கிறோம். அவன் தொட்டதால் சாமி தீட்டாகிவிட்டது என்று ஊர் கூடிக் கதவடைப்பதில்லை. கும்பிட வந்தவனுக்குத்தான் தீட்டு! புனிதம் எதைக் காவல் காக்கிறது என்பது இங்கே அம்பலமாகிவிடுகிறது. அது காப்பது சாமியை அல்ல, வரிசையை.

'கோயிலுக்குள்ள போய் என்னத்தைக் கண்டுட்டோம் தோழர்?' என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. நியாயமான கேள்விதான். சாமி வேண்டாம் என்று சொல்ல எனக்கும் தயக்கமில்லை. ஆனால் வேண்டாம் என்று உதறுவதற்கும் முதலில் உரிமை வேண்டும். உள்ளே போக முடிந்தவன் போகாமலிருப்பது அவன் முடிவு. தடுக்கப்பட்டவன் வெளியே நிற்பது இன்னொருவன் முடிவு. சிக்கல் பக்தியில் இல்லை, பொதுச்சொத்தில் இருக்கிறது.

ஆகவே 'தீட்டுப்படுத்துதல்' வேண்டாம். 'கோயிற்களவு' என்றே மொழிபெயர்ப்போம். அப்போது 'உள்ளே வந்தது யார்?' என்ற கேள்வி போய், 'எல்லாருக்கும் உரியதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டது யார்?' என்ற கேள்வி வரும். கதவைச் சாத்தியவர்கள்தான் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.