இரண்டாம் கார்னெட்

லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கைப் பற்றி யார் எழுதினாலும் முதலில் ஒரு துப்பாக்கி வெடிக்கும். 1912 டிசம்பர் 31 ராத்திரி நியூ ஆர்லியன்ஸ் தெருவில் பதினோரு வயசுப் பையன் புத்தாண்டுக் குஷியில் வானத்தைப் பார்த்துச் சுட்டான். போலீஸ் பிடித்தது. மறுநாளே கறுப்பினச் சிறுவர்களுக்கென்று தனியாக வைத்திருந்த சீர்திருத்த விடுதியில் அடைத்தார்கள். அங்கே பீட்டர் டேவிஸ் என்கிற வாத்தியார் கார்னெட் கற்றுக்கொடுத்தார். (கார்னெட் என்பது டிரம்பெட்டின் குட்டைத் தம்பி.) உலகத்துக்கு ஒரு மேதை கிடைத்தான்.

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா யாருக்குச் சாதகமான கதை இது? பிள்ளையைப் பிடித்து அடைத்த அரசாங்கத்துக்கே நன்றி சொல்ல வைக்கிற கதை. விடுதிக்குப் போகும் முன்னாலேயே அவன் கூட்டாளிகளோடு தெருமுனையில் நின்று காசுக்குப் பாடியவன். பழைய சாமான் வண்டியில் வேலை செய்தபோது தகர ஊதல் ஊதினதாக அவரே எழுதியிருக்கிறார். டேவிஸும் முதலில் அவனை ஒதுக்கித்தான் வைத்தார், அவன் வந்த சேரி அப்படிப்பட்டதாம். பிறகு மனசு மாறி, பேண்டுக்கே தலைவனாக்கினார். அந்த மனுசனுக்குரிய மரியாதையை அவருக்குக் கொடுப்போம். கட்டடத்துக்கு எதுக்கு?

நிஜமான வாத்தியார் ஜோ ஆலிவர். தெரு ஊர்வலத்திலும் சாவு ஊர்வலத்திலும் ஊதிப் பேர் வாங்கியவர். சாவுக்கு ஊதுகிறவன் பிழைப்பு எப்படிப்பட்டது என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பையன் ஆலிவர் வீட்டுக்குக் கடை கண்ணிக்குப் போய் வருவான், ஆலிவர் பாடம் சொல்லிக் கொடுப்பார். தன்னுடைய பழைய கார்னெட் ஒன்றையும் கொடுத்தார். 1918இல் ஆலிவர் சிகாகோ போனதும் கிட் ஓரியின் பேண்டில் அவர் இடம் லூயிக்கு வந்தது. அப்புறம் மிசிசிப்பிப் படகுகளில் ஃபேட் மாரபிள் குழுவோடு சில வருசம், இசைக் குறிப்பு படிக்கப் பழகியது அங்கேதான். 1922இல் ஆலிவரே தந்தி கொடுத்துச் சிகாகோவுக்கு அழைத்தார், இரண்டாம் கார்னெட் வாசிக்க.

லிங்கன் கார்டன்ஸ் அரங்கில் ரெண்டு பேரும் வாசித்ததைக் கேட்க வெள்ளைக்கார வாத்தியக்காரர்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். பேண்டு சட்டென்று நிற்கும். ரெண்டு கார்னெட்டும் ஒரே மூச்சில் இணைந்து பாயும். முன்கூட்டி எழுதி வைத்த மாதிரி இருக்கும். எழுதினதெல்லாம் ஒன்றுமில்லை. அடுத்து வரப்போவதை ஆலிவர் ஊதாமல் வால்வுகளில் விரலால் அழுத்திக் காட்டுவார். லூயி கண்ணால் பிடித்துக்கொள்வார். எந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கு இந்தப் பாடம்?

1923 ஏப்ரலில் ஜெனட் கம்பெனிக்காக ரிச்மண்ட் ஊரில் தட்டுப் பதிவு. (இதே கம்பெனி கூலிக்குக் கு கிளக்ஸ் கிளான் தட்டுகளையும் அடித்துக் கொடுத்தது. காசுக்கு எந்தச் சத்தமும் ஒன்றுதான் போல.) 'சைம்ஸ் புளூஸ்' பதிவில்தான் லூயியின் முதல் தனி வாசிப்பு. கற்பனை என்று பார்த்தால் பெரிசா ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கனம் அறைக்குள் அடங்காத கனம். மற்றவர்களை அமுக்கிவிடுகிறது என்று அவரைத் தள்ளி ஒரு மூலையில் நிற்க வைத்தார்கள் என்று பியானோ வாசித்த லில் ஹார்டின் பிற்பாடு சொன்னார்.

லில் சொன்ன இன்னொன்றும் உண்டு. லூயி தன்னைவிட நன்றாக வாசிப்பான், ஆனால் என்னோடு இருக்கிறவரை என்னை மீற மாட்டான் என்று ஆலிவர் அவரிடம் ஒப்புக்கொண்டாராம். துரோணர் கட்டைவிரலைக் கேட்டு வாங்கினார். ஆலிவர் கேட்கவில்லை, பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். இதைத் துரோகம் என்று சொல்ல நான் தயாரில்லை. உதட்டையும் பல்லையும் நம்பிப் பிழைக்கிறவனுடைய பயம் அது. ஆனாலும் அந்தக் கட்டை யாராவது அவிழ்க்க வேண்டியிருந்தது.

அவிழ்த்தது லில். 1924இல் கல்யாணம். இரண்டாம் கார்னெட்டாகவே இருக்கப் போகிறாயா என்று கேட்டுக் கேட்டு வெளியே தள்ளினார். நியூயார்க்கில் ஃபிளெட்சர் ஹெண்டர்சன் குழுவில் ஒரு வருசம். பிறகு லில்தான் தன் பேண்டில் வாரம் 75 டாலர் சம்பளம் பேசிச் சிகாகோவுக்குத் திரும்ப வரவழைத்தார். 1925இல் தொடங்கிய 'ஹாட் ஃபைவ்' பதிவுகளில் பியானோ அவர், பல பாட்டுகளுக்கு மெட்டும் அவர். வாத்தியார்களை வரிசையாக எண்ணுகிற விமர்சகர்கள் இவரிடம் வரும்போது மட்டும் 'மனைவி' என்று எழுதிவிட்டு நகர்கிறார்கள். பியானோ வாசித்த பெண்ணின் கையில் பிரம்பு இல்லை, அதனால் வாத்தியார் இல்லை போலிருக்கிறது.

1928 ஜூன் 28 அன்று பதிவான 'வெஸ்ட் எண்ட் புளூஸ்' தட்டை எடுத்துக் கேளுங்கள். துணை வாத்தியம் ஏதுமில்லாமல் டிரம்பெட் தனியாக எழும்பி, சுழன்று, இறங்கி வருகிற அந்தத் தொடக்கத்தைத்தான் எல்லாரும் கொண்டாடுகிறார்கள், கொண்டாட வேண்டியதுதான். பாட்டு யாருடையது என்று எத்தனை பேர் பார்க்கிறார்கள்? ஜோ ஆலிவருடையது.

அதற்குள் ஆலிவரின் ஈறு கெட ஆரம்பித்திருந்தது. பல் போச்சு, பேண்டும் போச்சு. 1937இல் ஜார்ஜியா மாநிலத்துச் சவானாவுக்கு வாசிக்கப் போன ஆர்ம்ஸ்ட்ராங், தெருவோரம் காய்கறி விற்றுக்கொண்டிருந்த ஆலிவரைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்ததை அப்படியே கொடுத்தார். பேண்டிலிருந்தவர்களும் கொடுத்தார்கள். அன்று ராத்திரி நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு வந்து, மேடையோரம் நின்று கேட்டார் ஆலிவர். அடுத்த வருசம் ஏப்ரலில் அதே ஊரில் செத்துப்போனார்.