கங்காணியும் பிஷப்பும்

போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகும் பெண்களோடு, தூக்குச்சட்டிகளுக்கு நடுவே இடுங்கி உட்கார்ந்து காலை ஜீப்பில் ஏறினேன். முன் சீட்டில் கங்காணி அக்கா, மடியில் ஒரு நோட்டு. உச்சியில் கேரளம் ஆரம்பிக்கிறது. கூடவே சர்ச் போர்டுகளும். சீரோ மலபார், யாக்கோபாயா, சி.எஸ்.ஐ., பெந்தகொஸ்தே...

டிரைவர் தம்பி கேட்டார்: "ஏசுசாமி ஒருத்தர்தானே சார், எதுக்கு இத்தனை போர்டு?"

கடவுளைப் பற்றிய சண்டை என்றுதான் நாம் நினைப்போம். பல சமயம் அது, யார் சொல்லி யார் கேட்பது என்கிற சண்டை. அதன் ஆரம்பத்தைப் பார்க்க இரண்டு பழைய எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் போதும்.

முதலாவது ‘திதாக்கே’. கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியிலோ அடுத்ததன் தொடக்கத்திலோ எழுதப்பட்ட சின்னக் கையேடு. 1873-ல் கான்ஸ்டான்டினோபிளில் பிரியென்னியோஸ் என்பவர் கண்டெடுத்து, 1883-ல் அச்சிட்டார். ஹாஸ்டல் விதிகள் மாதிரி இருக்கிறது. ஊர் ஊராகச் சுற்றும் போதகர் வந்தால் உபசரி. ஒரு நாள், தேவைப்பட்டால் இரண்டு நாள். மூன்றாம் நாளும் தங்கினால் ஆள் போலி. கிளம்பும்போது ரொட்டி கொடு. காசு கேட்டால் போலி. தீர்க்கதரிசி ஆவியில் பேசும்போது பரீட்சை வைக்காதே, ஆனால் நடத்தையைப் பார். கடைசியில், போகிற போக்கில் ஒரு வார்த்தை: பணத்தாசை இல்லாத, சாந்தமான பிஷப்புகளையும் டீக்கன்களையும் நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.

‘பிஷப்புகள்’ என்ற பன்மையைக் கவனியுங்கள். தேர்ந்தெடுப்பது ஊர் என்பதையும்.

இரண்டாவது, அந்தியோக்கியா பிஷப் இக்னேஷியஸின் ஏழு கடிதங்கள். சுமார் கி.பி. 110. பத்துச் சிப்பாய்கள் காவலோடு, மிருகங்களுக்கு இரையாக ரோமுக்கு இழுத்துச் செல்லப்படுகிற மனிதர் வழியில் எழுதியவை. விதிகளின் வறட்சி இல்லை, சங்கீதம் இருக்கிறது. மூப்பர்கள் பிஷப்போடு யாழின் நரம்புகள் போல இசைந்திருக்க வேண்டும் என்கிறார். ஊருக்கு ஒரே பிஷப், அவருக்குக் கீழே மூப்பர்கள், அடுத்து டீக்கன்கள். பிஷப் இல்லாமல் எதையும் செய்யாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். இவ்வளவு வற்புறுத்துகிறாரே, பலபேர் கேட்கவில்லை என்றுதானே அர்த்தம்?

எழுத்தழகில் இக்னேஷியஸுக்குத்தான் என் ஓட்டு. ஆனால் ஒன்று இடிக்கிறது. திதாக்கே படிப்பவன் கையில் உரைகல் கொடுக்கிறது. இக்னேஷியஸ் அதை வாங்கி வைத்துக்கொண்டு கீழ்ப்படியச் சொல்கிறார். அவர் பக்கமும் நியாயம் உண்டு. துன்புறுத்தல் ஒரு புறம், ஆளுக்கொரு போதனை மறு புறம். யாராவது ஒருவர் பொறுப்பேற்கத்தான் வேண்டும். அவர் கடிதங்களைத் திரட்டி அனுப்பி வைத்ததே ஸ்மிர்னா பிஷப் பாலிகார்ப்தான். திதாக்கேயிலும் ஓட்டை இருக்கிறது: விருந்தாளிக்கு அத்தனை பரீட்சை வைத்த கையேடு, வீட்டோடு தங்கப்போகும் பிஷப்பைத் தேர்ந்த பிறகு எப்படிச் சோதிப்பது என்று சொல்லவில்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் அதிகாரம் உள்ளே வந்தது.

‘பிஷப்’பின் மூலமான கிரேக்கச் சொல் ‘எபிஸ்கோபோஸ்’. பொருள், மேற்பார்வை பார்ப்பவர். தமிழ் பைபிளில் அதற்குப் போட்ட சொல் ‘கண்காணி’. அதாவது, நம் முன் சீட்டு அக்கா!

சரி, மெட்டுக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது? மலையாள நாட்டின் தோமா கிறிஸ்தவர்கள் பல நூற்றாண்டு ஒரு சாமர்த்தியமான ஏற்பாடு வைத்திருந்தார்கள். பாரசீகம், மெசபொத்தேமியா பக்கமிருந்து வரும் பிஷப், குருப்பட்டம் கொடுப்பார். நிர்வாகம் உள்ளூர் அர்ச்சிடியாக்கன் கையில். பள்ளிக் காரியங்களை ஊர்ப் பெரியவர்களும் கத்தனார்களும் கூடிய யோகம் பேசித் தீர்க்கும். புனிதம் ஒரு கையில், சாவி இன்னொரு கையில்.

1599-ல் உதயம்பேரூரில் கோவா பேராயர் மெனேசிஸ் கூட்டிய சபை இதைக் குலைத்தது. போர்த்துக்கீசியர் ஆதரவோடு வந்த ஐரோப்பிய பிஷப்பிடம் இரண்டும் போயின. 1652-ல் மயிலாப்பூரில் வந்திறங்கிய அகத்தல்லா என்ற கீழைச் சபை பிஷப்பைப் போர்த்துக்கீசியர் பிடித்து வைத்ததும் ஜனங்கள் பொங்கிவிட்டார்கள். 1653 ஜனவரி 3, மட்டாஞ்சேரியில் சிலுவையைச் சாட்சியாக வைத்து, இனி ஏசு சபைக் குருமாருக்கு அடிபணிவதில்லை என்று சத்தியம். மே 22, ஆலங்காட்டில் பன்னிரண்டு கத்தனார்கள் தலையில் கை வைத்து அர்ச்சிடியாக்கன் தோமாவை பிஷப் ஆக்கினார்கள்.

தொலைந்த உரைகல்லை ஊர் திரும்பக் கையில் எடுத்த நாள் அது. ஆனால் உடனே ஒரு சந்தேகம் முளைத்தது: பிஷப் அல்லாதவர்கள் கை வைத்தால் பிஷப் ஆக முடியுமா? ஒரு பகுதி ரோமோடு திரும்பியது. 1663-ல் பறம்பில் சாண்டி அவர்களுக்கு பிஷப் ஆனார். மற்றவர்களிடம் 1665-ல் மார் கிரிகோரியோஸ் எருசலேமிலிருந்து வந்து சேர்ந்தார். தம்பி கேட்ட போர்டுகளில் பலவற்றின் கதை அங்கிருந்துதான் கிளைக்கிறது.

எனக்குப் படுவது இதுதான். தலைமை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தலைமையை யார், எப்போது, எதை வைத்துச் சோதிப்பது என்று எழுதி வைக்காத இடத்தில்தான் பிளவு வருகிறது. சர்ச்சுக்கு மட்டுமா? சங்கம், கட்சி, அபார்ட்மென்ட் அசோசியேஷன், எல்லாவற்றுக்கும்தான்.

இறங்கும் முன் பக்கத்திலிருந்த பெண்ணிடம் கேட்டேன். "இவங்களைக் கங்காணியாப் போட்டது யாரும்மா?"

"நாங்கதான் சார். நாலெழுத்துப் படிச்சிருக்கு, கூலிக் கணக்கை எழுதட்டும்னு சொன்னோம்."

"இப்போ?"

"இப்போ நாளைக்கு ஜீப்புல யாரு ஏறலாம்னு அந்தக்காதான் சொல்லுது."

"நோட்டைக் காட்டச் சொல்லிக் கேட்டிருக்கீங்களா?"

பதில் வரவில்லை. முன் சீட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டார்.