இடத்தை வாங்குவதா, ஆளை வாங்குவதா?

பேஸ்புக்கில் ஒரு பக்கம் வைத்திருக்கும் எல்லோருக்கும் அந்த நீலப் பொத்தானைத் தெரியும். மூன்று வாரம் உட்கார்ந்து எழுதிய கட்டுரையின் சுட்டியைப் பகிர்கிறோம். பதினேழு பேர் விருப்பக்குறி போடுகிறார்கள். அதில் பாதிப் பேர் சுட்டியைத் திறக்கவே இல்லை என்று தளத்தின் கணக்கு சொல்கிறது. அந்த நேரம் பார்த்துக் கீழே 'பூஸ்ட்' என்று ஒன்று கண்ணடிக்கும். பாலில் கலந்து குடிக்கிற மாவின் பெயர். சில நூறு ரூபாய் கட்டினால் இத்தனை ஆயிரம் பேரைப் போய்ச் சேரும் என்று ஒரு மதிப்பீடும் பக்கத்திலேயே இருக்கும். கட்டலாமா, வேண்டாமா?

சின்ன இலக்கியத் தளம் நடத்துகிறவர்கள் மத்தியில் இது ஏதோ கற்பு சம்பந்தப்பட்ட கேள்வி மாதிரிதான் பேசப்படுகிறது. இலக்கியத்துக்கு எதுக்குங்க விளம்பரம், தேடி வர்றவன் வருவான் என்பது ஒரு கட்சி. சோப்புக்குச் செய்யலாம்னா கவிதைக்கு ஏன் கூடாது என்பது எதிர்க்கட்சி. முதல் கட்சிக்குப் பதில் சுலபம். சி.சு. செல்லப்பா எழுத்து பிரசுரத்தின் நூல்களைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனார். 'இப்படி ஒன்று இருக்கிறது, பாருங்கள்' என்று ஆள் ஆளாகச் சொன்னார். அதுவும் விளம்பரம்தான்; அதனால் 'எழுத்து'வின் மதிப்பு குறைந்துவிடவில்லை.

இரண்டாம் கட்சியோடுதான் எனக்குச் சண்டை. அவர்கள் விளம்பரம் என்பதை ஒரே பொருளாக நினைக்கிறார்கள். இணையத்தில் அது இரண்டு வேறு பொருட்கள். ஒன்று, இடத்தை வாங்குவது: இந்தத் தளத்தில், இந்தக் கட்டுரைக்குப் பக்கத்தில் என் பெயர் இருக்கட்டும் என்பது. மற்றொன்று, ஆளை வாங்குவது: இந்த வயதில், இந்த ஊரில், இந்த ருசியோடு ஒருவர் எங்கே கண்ணில் பட்டாலும் அவர் முன்னால் என்னைக் கொண்டுபோய் நிறுத்து என்பது. சோப்புக்கு இரண்டாவது சரி. படிக்கிற சமாச்சாரத்துக்கு முதலாவதுதான் வேலை செய்யும் என்பது என் வாதம்.

முதல் வகைக்கு ஒரு நல்ல உதாரணம் இருந்தது. கனடாக்காரர் ரயன் நார்த் 2003இலிருந்து 'டைனோசர் காமிக்ஸ்' என்ற இணையச் சித்திரத் தொடரை நடத்திவருகிறார். படங்கள் எல்லா இதழிலும் அதேதான். டைனோசர்கள் பேசுகிற வசனம் மட்டும் மாறும். அவர் 2006இல் 'புராஜெக்ட் ஒண்டர்ஃபுல்' என்று ஒரு விளம்பரச் சந்தையைத் தொடங்கினார். தளம் நடத்துகிறவர் தன் பக்கத்தில் ஒரு பெட்டியை ஏலத்துக்கு விடுவார். விளம்பரம் தருகிறவர், நாளொன்றுக்கு இவ்வளவு என்று கேட்பார். அதிகம் கேட்டவரின் படம் பெட்டியில் நிற்கும். இன்னொருவர் கூட்டிக் கேட்டதும் இறங்கிவிட வேண்டும். நின்ற நேரத்துக்கு மட்டும் காசு; எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்ற கணக்குக்குக் காசு கிடையாது. யாருமே போட்டிக்கு வரவில்லையென்றால் பூஜ்யம் டாலருக்கும் இடம் கிடைக்கும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு அழகு உண்டு. எந்தத் தளத்தில் வரப்போகிறோம் என்று விளம்பரம் தருகிறவருக்குத் தெரியும். அந்தத் தளத்தை அவர் படித்துப் பார்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் எங்கே கேட்பது என்று தெரியாது. தளக்காரருக்கும் எந்த விளம்பரம் வேண்டும், எது வேண்டாம் என்று சொல்கிற உரிமை இருந்தது. அதனால் ஒரு சித்திரக்காரர் இன்னொரு சித்திரக்காரரின் பக்கத்தில் இடம் பிடித்தார். ஒன்றைப் படித்து முடித்த வாசகன், அதே மனநிலையில், ஓரத்தில் இருந்த இன்னொன்றுக்குப் போனான். நம்மூர் சிறுபத்திரிகையின் பின்னட்டையில் இன்னொரு சிறுபத்திரிகையின் சந்தா விவரம் வருமே, அந்த மாதிரி.

2018 ஆகஸ்டில் அது மூடப்பட்டது. வாசகர்கள் தனித்தனித் தளங்களுக்குப் போகிற வழக்கம் குறைந்து, ஒன்றிரண்டு பெரிய தளங்களுக்குள்ளேயே தங்கிவிட்டதை நார்த் காரணமாகச் சொன்னார். தெருவே காலியான பிறகு தெருமுனையில் தட்டி வைத்து என்ன செய்வது?

இடம் கிடைத்தால் மட்டும் போதுமா என்று கேட்டால், போதாது. 'மில்லியன் டாலர் ஹோம்பேஜ்' அதற்குச் சாட்சி. 2005இல் இங்கிலாந்தைச் சேர்ந்த அலெக்ஸ் ட்யூ என்ற இளைஞர், படிப்புச் செலவுக்காக ஒரு வலைப்பக்கத்தின் 10 லட்சம் பிக்சல்களை, பிக்சல் ஒன்று ஒரு டாலர் என்று விற்றார். குறைந்தது 100 பிக்சல் வாங்க வேண்டும். சில மாதங்களில் அத்தனையும் விற்றுப்போனது. அங்கேயும் எல்லோரும் வாங்கியது இடத்தைத்தான். ஆனால் அந்தப் பக்கத்துக்கு யாரும் எதையும் படிக்கப் போகவில்லை. வேடிக்கை பார்க்கப் போனார்கள், பார்த்தார்கள், வந்துவிட்டார்கள். நாம் வாங்க வேண்டியது இடத்தோடு சேர்ந்த அக்கம்பக்கத்தை. பக்கத்து வீட்டில் படிக்கிறவர் இருக்க வேண்டும்.

இப்போது பூஸ்ட் பொத்தானுக்கு வருவோம். அதன் பின்னாலும் ஏலம்தான் நடக்கிறது. ஆனால் ஏலத்தில் இருப்பது ஒரு மனிதரின் திரையில் அடுத்து வரப்போகும் கணம். நாம் தரத் தயாராக இருக்கும் பணம், அந்த மனிதர் நாம் கேட்ட செயலைச் செய்வார் என்பதற்கான மதிப்பீடு, விளம்பரத்தின் தரம் என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்து இயந்திரம் முடிவெடுக்கிறது. இங்கே கவனிக்க வேண்டிய சொல் 'செயல்'. விருப்பக்குறியும் பின்னூட்டமும் வேண்டும் என்று கேட்டால், எதைப் பார்த்தாலும் விருப்பக்குறி போடும் பழக்கமுள்ளவர்களைத் தேடிப் பிடித்துத் தரும். சொடுக்கு வேண்டும் என்றால், சொடுக்கும் விரல் உள்ளவர்களைத் தரும். இயந்திரம் ஏமாற்றவில்லை, கேட்டதைத்தான் கொடுக்கிறது. 'நிதானமாகப் படித்து, இரண்டு நாள் யோசித்து, அடுத்த மாதம் தானாக வருகிறவர்' என்று ஒரு தெரிவு அந்தப் பட்டியலில் இல்லை. ஏனென்றால் படிப்பது என்பது வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே செய்யாமல் இருப்பது மாதிரிதான் தெரியும்.

விளம்பரத்தின் மொழிக்கு என்ன ஆகிறது என்றும் பார்க்கலாம். கூகுள் தேடல் விளம்பரத்தில் இப்போது நாம் ஒரு முழு விளம்பரத்தை எழுதுவதில்லை. 30 எழுத்துக்குள் அடங்கும் தலைப்புகள் 15 வரை, 90 எழுத்துக்குள் அடங்கும் விவரிப்புகள் 4 வரை கொடுக்கலாம். எதை எதோடு சேர்த்து, எந்த வரிசையில் காட்டுவது என்பதை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு வரியும் மற்ற எந்த வரிக்கு முன்னாலும் பின்னாலும் நிற்கக்கூடியதாக இருக்க வேண்டும். 'ஆனால்' என்று ஒரு வரியைத் தொடங்க முடியாது. முதல் வரியில் முடிச்சுப் போட்டு இரண்டாம் வரியில் அவிழ்க்க முடியாது. இது துணிக்கடை தள்ளுபடிக்கு ஒத்துவரும். ஒரு கட்டுரையோ கதையோ தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டுமானால் அதற்கு வரிசைதான் உயிர். வரிசையைப் பிடுங்கிவிட்டால் 'கட்டாயம் படிக்க வேண்டியது', 'மனதை உலுக்கும்' என்கிற சில்லறைகள்தான் மிஞ்சும். கொஞ்ச நாளில் கட்டுரைத் தலைப்புகளும் அந்தச் சில்லறையிலேயே யோசிக்கப்படும். எனக்குப் பயம் அங்கேதான்.

தேடல் விளம்பரத்துக்கு ஒரு நியாயம் சொல்ல வேண்டும். 'புதுமைப்பித்தன் சிறுகதைகள்' என்று ஒருவர் தட்டச்சு செய்யும்போது, அந்தச் சொல்லே ஒரு இடமாகிவிடுகிறது. புதுமைப்பித்தன் பற்றிய உங்கள் கட்டுரை அங்கே நிற்பதில் தவறே இல்லை. டொராண்டோவிலும் யாழ்ப்பாணத்திலும் ஒரே நேரத்தில் நிற்கலாம். சிக்கல் என்னவென்றால், இதுவரை யாருக்கும் பெயர் தெரியாத புதிய எழுத்தாளரை யாரும் தேட மாட்டார்கள். தேடல், தெரிந்ததற்குத்தான் வழி. தெரியாததை இன்னொருவர் கை காட்ட வேண்டும்.

தமிழ் வலைப்பூக்களின் கதையும் இதைத்தான் சொல்கிறது. தளங்களில் விளம்பரம் காட்டிக் காசு பார்க்க உதவும் ஆட்சென்ஸைக் கூகுள் 2003இல் தொடங்கியது. அதில் தமிழ் அதிகாரபூர்வமாகச் சேர்க்கப்பட்டது 2018 பிப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில்தான் தமிழ் வலைப்பூக்களின் பெரிய அலை எழுந்து அடங்கியது. விளம்பரப் பணத்தை நம்பி அந்த அலை வரவில்லை. 2004இல் வந்த தமிழ்மணம் திரட்டி, வலைப்பூக்களின் ஓரத்தில் 'நான் படிப்பவை' என்று தொங்கிய பட்டியல்கள், பின்னூட்டத்தில் பெயரைச் சொடுக்கினால் திறக்கும் இன்னொரு வலைப்பூ என்று எல்லாமே அக்கம்பக்கம்தான். அது சொர்க்கமும் இல்லை. நீ எனக்குப் பின்னூட்டம் போடு, நான் உனக்குப் போடுகிறேன் என்று கல்யாண மொய் மாதிரி நடந்ததும் உண்டு. ஆனாலும் மொய் எழுத வந்தவர் சாப்பாட்டையும் கொஞ்சம் ருசி பார்த்துவிட்டுத்தான் போனார்.

சரி, கையில் ஆயிரம் ரூபாய் இருக்கிறது, என்னதான் செய்வது? முதலில் கணக்குப் போடும் முறையை மாற்ற வேண்டும். கணக்கு விளங்குவதற்காக மட்டும் சில கற்பனை எண்கள்: ஆயிரம் ரூபாய்க்கு 500 சொடுக்கு. ஒரு சொடுக்கு 2 ரூபாய், மலிவுதான். அதில் பக்கம் முழுதாகத் திறக்கும்வரை காத்திருந்தவர்கள் 200. கடைசிவரை படித்தவர்கள் 20. அடுத்த மாதம் தானாகத் திரும்பி வந்தவர்கள் 2. அப்படியானால் ஒரு வாசகரின் விலை 500 ரூபாய். அதே ஆயிரத்தை, முன்னூறு பேர் விரும்பிப் படிக்கும் ஒரு மின்னஞ்சல் இதழுக்குக் கொடுத்து அதில் நாலு வரி அறிமுகம் வாங்கினால்? 30 பேர்தான் வந்தார்கள், ஆனால் 4 பேர் திரும்பி வந்தார்கள் என்றால் விலை 250. எண்கள் உங்களுக்கு வேறு மாதிரி வரலாம், வகுக்க வேண்டிய எண் மட்டும் மாறாது: திரும்பி வந்தவர்கள்.

இதை அளப்பது கஷ்டமில்லை. சுட்டியின் வாலில் 'யுடிஎம்' என்று தொடங்கும் சில சொற்களை ஒட்டி, ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பெயர் கொடுத்தால், யார் எந்த வாசல் வழியாக வந்தார் என்று தளத்தின் கணக்கு சொல்லிவிடும். மூன்று மாதம் பொறுத்துப் பார்க்க வேண்டும். பூஸ்ட் பொத்தான் அவ்வளவு பொறுமையாக இருக்க விடாது. நாளைக்கே ஒரு வரைபடம் காட்டி, இன்னும் இருநூறு போடலாமா என்று கேட்கும்.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: என் எழுத்து எதற்குப் பக்கத்தில் நிற்கும்? ஒரு பாட்காஸ்டின் பெயர், ஒரு மின்னஞ்சல் இதழின் பெயர், ஒரு சிறுபத்திரிகையின் பெயர் பதிலாக வந்தால் தாராளமாகக் கொடுக்கலாம். அவர்களுக்கும் அந்தப் பணம் தேவைதான். 'தெரியாது, இயந்திரம் பார்த்துக்கும்' என்பதுதான் பதில் என்றால், அந்த ஆயிரத்துக்குப் புதிய எழுத்தாளர்களின் நாலு புத்தகங்கள் வாங்கிப் படித்து, அவற்றைப் பற்றி ஒழுங்காக எழுதலாம். அந்தப் புத்தகங்களைப் படித்தவர்கள் உங்கள் கட்டுரையைத் தேடி வருவார்கள். ஏற்கெனவே படிக்கிறவர்கள் அவர்கள்.